பொலோஞா நகரத்தை நான் விசாரித்த கதை

பொலோஞா நகரத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த ஆள் தென்காசி வட்டாரத்தில் யாராவது இருந்தால் நேரில் வரட்டும். காபி போட்டுக் கொடுத்து, உட்காரவைத்து நாலு கேள்வி கேட்கிறேன். இத்தாலியின் வடக்கே எந்த மலையடிவாரத்தில் அந்த ஊர் இருக்கிறது, பழைய மதிலுக்கு வாசல் எத்தனை, நெட்டைக் கோபுரத்துக்குப் படி எத்தனை, குட்டைக் கோபுரத்தின் தலையை எதற்காக வெட்டினார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த மண்ணை நான் மிதித்ததில்லை. நான் போன தூர தேசம் என்றால் வடக்கே சென்னை, மேற்கே திருவனந்தபுரம். ஆனால் முப்பத்தைந்து வருஷம் போலீசில் வேலை பார்த்தவள் நான். ஒரு இடத்தைத் தெரிந்துகொள்ள அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்பதெல்லாம் வேலை தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு.

தென்காசியில் என்னை ஏட்டம்மா என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். எஸ்.ஐ. ஆகி ஓய்வும் பெற்றாயிற்று, இன்னும் ஊர் என்னை ஏட்டுக்கு மேலே ஏறவிடவில்லை. அதில் எனக்குக் கோபம்தான். இருந்தாலும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் கால் தானாக நின்றுவிடும். வேலையில் இருந்தவரைக்கும், குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் பேரருவியில் பெண்கள் பக்கம் எனக்குத்தான் டூட்டி. அருவி இரைச்சல் விசில் சத்தத்தை முழுங்கிவிடும். என் தொண்டையை முழுங்க அதனால் முடியாது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் ஒருவரும் உள்ளே நிற்கக் கூடாது. "ஏ பச்சச் சேல, ஒன்னத்தான், வெளிய வா! போட்டோ பொறவு எடுக்கலாம்!" என்று நான் கத்தினால் பச்சைச் சேலை மட்டுமில்லை, அந்தப் பக்கம் குளிக்கிற ஆண்களும் சேர்ந்து வெளியே வருவார்கள். தலை நிறைய எண்ணெயோடு குளிக்காமல் திரும்பிப் போனவர்கள் என்னைத் திட்டாத திட்டில்லை. திட்டட்டும். என் டூட்டியில் ஒரு உயிர் போனது கிடையாது.

சீசன் இல்லாத மாதங்களில் பாஸ்போர்ட் விசாரணை என்னிடம் வரும். ஒருவர் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டால் போலீஸ் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சொன்ன விலாசத்தில்தான் இருக்கிறாரா, வழக்கு வம்பு ஏதாவது உண்டா, ஆள் எப்படி என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்தபடியே எழுதி அனுப்புகிற ஆட்களும் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. மாடி ஏறிப் பார்ப்பேன், மாடு கட்டியிருக்கிற இடம் வரைக்கும் போய்ப் பார்ப்பேன். நான் நல்லவன் என்று எழுதின ஆள் ஒருவனும் பிறகு பெயரைக் கெடுத்ததில்லை.

எனக்கு ஒரே மகள். கட்டடப் பொறியியல் படித்து முடித்துவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓய்வு பெற்ற வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் என் வீட்டுக்காரரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செல்போனை எங்கள் முன்னால் நீட்டினாள். பொலோஞாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு வருஷம், பழைய கட்டடங்களை இடிக்காமல் பழுது பார்ப்பதைப் பற்றிய படிப்பு, செலவுக்கு உதவித்தொகையும் உண்டு, வருகிறேன் என்றோ இல்லை என்றோ மூன்று வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"எம்மா, நீ வேண்டாம்னு சொன்னா நான் போகல. சத்தியமாப் போகமாட்டேன். ஆனா யோசிச்சுச் சொல்லு" என்றாள்.

என் வீட்டுக்காரர் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கிறார். சாக்குச் சாக்காகக் காய் ஏற்றி லாரியில் வடக்கே அனுப்புகிற மனுஷர். வீட்டுக்குள் மட்டும் ஒரு முடிவும் எடுக்கமாட்டார். "ஒங்க அம்மா சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார்.

"விசாரிக்காம நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்" என்றேன்.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் பாஸ்போர்ட் விசாரணையில் எழுதுகிற மாதிரியே தலைப்புகள் போட்டேன். பெயர், வேறு பெயர்கள், வயது, விலாசம், தொழில், குணம், வழக்கு விவரம். காலையில் வீட்டு வேலை முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனில் தேடுவேன். தமிழில் கிடைத்தது கொஞ்சம்தான். இங்கிலீஷில் கிடைத்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, புரியாததை மகளிடம் கேட்காமல் அகராதியில் பார்த்து எழுதினேன். மனுதாரரிடமே கேட்டு எழுதினால் அதற்குப் பெயர் விசாரணையா?

வேறு பெயர்கள் என்ற இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ரோமாபுரிக்காரர்கள் அந்த ஊரைப் பொனோனியா என்றார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பெல்சினா என்றார்கள். பெயரை மாற்றி மாற்றித் திரிகிற ஆளை நான் எப்போதும் நம்பியதில்லை. அது போதாதென்று மூன்று பட்டப்பெயர் வேறு. கற்றவள், கொழுத்தவள், சிவந்தவள். ஐரோப்பாவிலேயே பழைய பல்கலைக்கழகம், தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேலாக மூடாமல் நடக்கிறது, அதனால் கற்றவள். சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர், அதனால் கொழுத்தவள். வீட்டுக் கூரையும் சுவரும் செங்கல் நிறம், அதனால் சிவந்தவள். சரி, இதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

விலாசம் எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு பக்கம் பெரிய சமவெளி, மறுபக்கம் அப்பென்னைன் என்கிற மலைத்தொடர், இரண்டும் சேருகிற அடிவாரத்தில் ஊர். நமக்கும் மேற்கே மலைதானே? மதிலுக்குப் பன்னிரண்டு வாசல், அதில் பத்து இன்னும் நிற்கிறது. ஒரு காலத்தில் ஊருக்குள் வாய்க்கால் ஓடி, அந்தத் தண்ணீரில் பட்டு நூற்கிற ஆலைகள் சுற்றியிருக்கின்றன. பிறகு வாய்க்கால்களை மூடி மேலே தெரு போட்டுவிட்டார்கள். ஒரு சந்தில் சின்ன ஜன்னலைத் திறந்தால் மட்டும் தண்ணீர் தெரியுமாம். தண்ணீரை மூடி வைக்கிற ஊர் அருவியில் டூட்டி பார்த்தவளுக்கு எப்படிப் பிடிக்கும்? அதை மைனஸ் மார்க்காகக் குறித்துக்கொண்டேன்.

குணம் என்ற தலைப்பில்தான் நிறைய எழுதினேன். அந்த ஊரில் வீடுகளின் மாடி தெருப்பக்கம் நீண்டு தூண்மேல் நிற்கும். அடியில் வளைவு வளைவாக நடைபாதை. வீட்டுக்காரன் தன் காசில் கட்ட வேண்டும், ஊரார் அதன் வழியாக நடக்கலாம், தடுக்க அவனுக்கு உரிமை இல்லை. குதிரைமேல் வருகிறவன் தலை இடிக்காமல் போகிற உயரம் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே சட்டம். பழைய ஊருக்குள் மட்டும் நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படி வெயிலும் மழையும் படாமல் நடக்கலாம். இங்கே ஒருத்தன் தன் கடை வாசலில் மழைக்கு ஒதுங்க விடமாட்டான். இன்னொன்றும் எழுதினேன். எழுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த ஊர் நிர்வாகம், எஜமானர்களுக்கு ஈடு கொடுத்து, அடிமைகளை ஆயிரக்கணக்கில் விடுவித்திருக்கிறது. அதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம் என்ன, கலங்கத்தான் செய்தது.

வழக்கு விவரத்தில்தான் சிக்கல் வந்தது. ஊர் நடுவில் இரண்டு செங்கல் கோபுரங்கள். நெட்டைக் கோபுரத்துக்கு நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படி. பக்கத்தில் பாதி உயரத்தில் இன்னொன்று, அது சாய்ந்து நிற்கிறது. கட்டினபோதே மண் இறங்கிவிட்டது. விழுந்துவிடும் என்று பயந்து நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே அதன் தலையை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். இப்போது மறுபடியும் ஆபத்து என்று செய்தி. படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, சாஞ்ச கோபுரத்துக்கு அடியிலயா போயிப் படிக்கப் போற? கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?"

"எம்மா, அதச் சுத்தி வேலி போட்டுட்டாங்க. யாரும் பக்கத்துல போக முடியாது. முழுசாப் படி" என்றாள்.

படித்தேன். ஆமாம், சுற்றிலும் தடுப்பு. விழுந்தால் எதுவரைக்கும் சிதறும் என்று கணக்குப் போட்டு அதுவரைக்கும் வேலி, தெரு அடைப்பு. நெட்டைக் கோபுரத்தையும் பூட்டியாயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஏமாந்து திரும்பிப் போகிறார்கள், வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் குறைபட்டார்களாம். படிக்கப் படிக்க எனக்கு அந்த ஊர் நிர்வாகத்தின்மேல் மரியாதை கூடிப்போனது. கூட்டம் திட்டினாலும் பரவாயில்லை என்று நிறுத்துகிறவன்தான் வேலை தெரிந்தவன். கோபுரம் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் தென்காசிக் கோபுரம் மொட்டையாகத்தான் நின்றது. பிறகு ஊர்கூடி அதை எழுப்பினபோது பந்தோபஸ்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. 'வழக்கு உண்டு, ஆனால் முறையான நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது' என்று எழுதி அந்தத் தலைப்பை முடித்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரருக்குத் தினமும் ஒரு பாடம் நடக்கும். படிப்பை முடிக்காமல் நெட்டைக் கோபுரத்தில் ஏறினால் பட்டம் கிடைக்காது என்று அங்கே மாணவர்கள் நம்புகிறார்கள் என்றேன். "நல்ல பழக்கம், படிப்பாவது ஓடும்" என்றார். பிறகு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அங்கன எலுமிச்சங்கா கெடைக்குமா?" என்று கேட்டார்.

"கெடைக்கும். அந்த நாட்டுத் தெக்கேயிருந்து ஏத்தி அனுப்புதாங்களாம்."

"அப்பச் சரி. எந்த நாட்டுலயும் எலுமிச்ச தெக்கத்திச் சரக்குத்தான்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அவர் கர்வம் அவருக்கு.

நோட்டு மட்டும் போதாதே, சாட்சி வேண்டும். ஊரை நேரில் பார்த்த இரண்டு பேர். முன்பு கேரள எல்லையில் புளியறை செக்போஸ்டில் டூட்டி பார்த்தபோது பழக்கமான ஓட்டல்காரர் ஒருவர் உண்டு. அவருடைய மனைவியின் தங்கை, புனலூர்க்காரி, பொலோஞாவிலேயே வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற நர்சாக இருக்கிறாள் என்று தெரியவந்தது. எத்தனை தூரத்தில் இருந்தாலும் ஆளைப் பிடிக்கிறவள்தானே நான்! நம்பர் வாங்கிப் பேசினேன். நல்ல பெண். தமிழும் மலையாளமும் கலந்து ஒரு மணி நேரம் பொறுமையாகப் பதில் சொன்னாள். பனிக்காலத்தில் எப்படி, வாடகை வீடு எப்படி, பெண்பிள்ளை தனியாக நடக்கலாமா, எல்லாம் கேட்டேன். கடைசியில் ஒன்று கேட்டேன்.

"எம் மக வந்தா, அவளுக்குத் தெரியாம ஒரு கண்ணு வச்சிக்கிடணும். எங்க போறா, யாருகூடப் போறான்னு வாரத்துக்கு ஒருக்க எனக்கு ஒரு போன் பண்ணிரணும்."

"அதினெந்தா சேச்சி, ஞான் நோக்கிக்கோளாம்" என்று உடனே ஒப்புக்கொண்டாள் அவள். ஊர் தாண்டி, கடல் தாண்டி என் ஆள் ஒருத்தியை நிறுத்திவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே கெத்து.

பதில் சொல்ல ஐந்து நாள்தான் பாக்கி. மகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், என் நோட்டை ஓரக்கண்ணால் பார்ப்பாள். வீட்டுக்காரர்தான் ஒருநாள் கை கழுவிக்கொண்டே கேட்டுவிட்டார்.

"இவ்வளவு நல்ல ஊருன்னா அனுப்பிர வேண்டியதுதான?"

"ரெண்டாவது சாட்சி கெடைக்கல. விசாரண முடியல" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது சாட்சியை நான் தேடவே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ.

மறுநாள் காலை எங்கள் ஸ்டேஷன் பெண் காவலர் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நான் பார்த்த பாஸ்போர்ட் விசாரணை வேலை இப்போது அவளிடம்தான். பக்கத்து வீட்டுப் பையன் துபாய்க்குப் போக மனுப் போட்டிருக்கிறான், அக்கம்பக்கத்துச் சாட்சியாக என்னிடம் விசாரிக்க வந்திருந்தாள். நான் விடுவேனா? அவன் எந்த வருஷம் எந்தப் பரீட்சையில் விழுந்தான், எதற்காகத் துபாய், தங்கச்சி கல்யாணத்துக்கா, சொந்த வீட்டுக்கா, அவன் மனசில் என்ன இருக்கிறது என்பதுவரை எடுத்துச் சொன்னேன். அவள் எழுதி முடித்ததும் பெருமையாக என் நோட்டையும் கொண்டுவந்து காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"யக்கா, தப்பா எடுத்துக்காதிய. வெரிபிகேசன்ல போற ஊரயா விசாரிப்பாங்க? போற ஆளத்தான விசாரிக்கணும்?"

முதல் பக்கத்துத் தலைப்புகளை விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் விடவில்லை.

"பக்கத்து வீட்டுப் பயலப் பத்தி இவ்வளவு சொல்லுதிய. ஒங்க மக எதுக்குப் போகணும்ங்கா? அத எந்தப் பக்கத்துல எழுதியிருக்கிய?"

எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. முப்பத்தைந்து வருஷ சர்வீஸ், ஒரு விசாரணையில் மனுதாரரை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அவள் போன பிறகு நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். என்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை மகளுக்கு லீவு. காலையில் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். சாமி கும்பிட்டுவிட்டுக் கோபுர வாசலுக்கு வந்தால் வழக்கம்போலக் காற்று ஆளைத் தள்ளுகிறது. பேசினால் காதில் விழாது, நடந்துகொண்டே கேட்கலாம் என்று தெருவில் இறங்கினோம்.

பூக்காரி கூப்பிட்டாள். "ஏட்டம்மா, மகளுக்கு இன்னைக்கு வேல இல்லையோ?" நாலு கடை தாண்டுவதற்குள் ஆட்டோவை நிறுத்தி ஒருத்தன், "நேத்து தங்கச்சிய பாவூர்சத்திரத்துல பாத்தேன் மேடம், செவப்புச் சுடிதார்" என்றான். பாத்திரக்கடை அண்ணாச்சி, வளையல் கடைக்காரம்மா, சைக்கிளில் போன பால்காரர், ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் படி இறங்கியே வந்துவிட்டார். "போன வாரம் பாப்பா தலவலிக்கு மாத்திர வாங்கிட்டுப் போச்சே, இப்ப எப்பிடி இருக்கு?" என்று அவளிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

"எதுக்குட்டி தலவலி? எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்று நான் ஆரம்பித்தேன்.

"எம்மா, எண்ணிக்கிட்டு வந்தியா?" என்றாள் அவள்.

"என்னத்த?"

"ஆறு பேரு. இன்னும் நம்ம தெருவே வரல."

எனக்குப் பிடிபடவில்லை. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "இங்கேரு, நீ எதுக்கு அங்கன போகணும்ங்க? படிப்பு மெட்ராஸ்லயும் இருக்கு. உண்மையச் சொல்லு."

"சொன்னா வருத்தப்படக் கூடாது."

"நானா? வருத்தமா? சொல்லுட்டி."

தெரு ஓரமாக நின்றாள். என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எனக்கு இருவத்தஞ்சு வயசும்மா. இதுவரைக்கும் ஒரு தெருவுல, ஒரே ஒரு தெருவுல, நான் நடந்தது ஒனக்குத் தெரியாம இருந்ததில்ல. பதினொண்ணாப்பு படிக்கும்போது பஸ் ஸ்டாண்டுல ஐஸ்கிரீம் தின்னேன். வீட்டுக்குள்ள நுழையுதேன், 'பிஸ்தாவா தின்ன, தொண்ட கட்டும்லா'ங்க. காலேஜ்ல பிள்ளைகளோட ஐந்தருவிக்குப் போனா, நான் தல தொவட்டுததுக்குள்ள ஒனக்குப் போன் வந்திருச்சு. ஒன்னக் கொற சொல்லல. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. அந்த ஊர்ல நாப்பது கிலோமீட்டர் வளைவுப் பாத இருக்குன்னு நீதான் நோட்டுல எழுதி வச்சிருக்க. நாப்பதும் நான் நடக்கணும். யாரும் ஒனக்குப் போன் பண்ணக் கூடாது. ஏட்டம்மா மகளா இல்லாம, சும்மா ஒரு ஆளா நடந்து பாக்கணும். படிப்பும் வேணும், பொய் சொல்லல. ஆனா நீ உண்மையக் கேட்டதுனால சொல்லுதேன்."

கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றுதான் எனக்கு முதலில் வந்தது. பிறகுதான் புரிந்தது. நான் காவல் என்று நினைத்துச் செய்ததையெல்லாம் இவள் இத்தனை வருஷம் மூச்சுமுட்டிக்கொண்டு தாங்கியிருக்கிறாள், ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. நடந்து வீட்டு வாசல்வரை வந்துவிட்டோம். கேட்டில் கை வைத்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. ரவுடிகளும் என் முன்னால் நின்றிருக்கிறார்கள், பெரிய பெரிய வீட்டு மனுஷர்களும் நின்றிருக்கிறார்கள். கண்ணைத் தாழ்த்தாமல், குரல் நடுங்காமல், மரியாதையும் குறையாமல் என்னிடம் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் இவள். யார் பெற்ற பிள்ளை! எனக்கு அழுகையும் வந்தது, அதற்கு மேலே பெருமையும் வந்தது.

வீட்டுக்குள் போனதும், அவள் முன்னாலேயே, ஸ்பீக்கரில் போட்டு அந்தப் புனலூர் நர்சைக் கூப்பிட்டேன். மகளுக்கு அது யார் என்றே தெரியாது. "நான் சொன்னத விட்டுருங்க. எம் மகள நீங்க பாக்க வேண்டாம், எனக்கு ஒரு தகவலும் வேண்டாம்" என்றேன். அவள் திகைத்துப்போய், "எந்தெங்கிலும் அவசரம் வந்நாலோ சேச்சி?" என்றாள். "அவ கூப்பிட்டா போங்க. அவ கூப்பிட்டா மட்டும்." நம்பரை மகளின் போனுக்கு அனுப்பிவிட்டு என் போனில் அழித்தேன்.

"அங்கனயும் ஆளு வச்சிட்டியாம்மா?" என்றாள்.

"வச்சேன். இப்ப எடுத்துட்டேன். போ, வாரேன்னு பதில் எழுதிப் போடு" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் என் வீட்டுக்காரர் பயந்துபோய் அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும், "இதுக்கு எதுக்கு அழுகுதிய?" என்று கேட்டுக்கொண்டே அவரும் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

புளியறை வழியாகத் திருவனந்தபுரம் போய் அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். முதல் மாதம் என்னால் முடியவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள், சொல்ல நினைத்ததைச் சொல்லுவாள், நான் மேலே கேட்கமாட்டேன். நாக்கு நுனிவரைக்கும் வந்த கேள்விகளை முழுங்கிவிட்டு, "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்பேன். ஒருநாள் தாங்காமல் புளியறைக்கு பஸ் ஏறிவிட்டேன். ஓட்டல்காரரிடம் அந்த நர்சின் நம்பரை மறுபடி வாங்கிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். செங்கோட்டை வந்ததும் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குத் திரும்பினேன். அது அருவியில் கூட்டத்தை நிறுத்துவதைவிடக் கஷ்டமான டூட்டி.

போன தை மாதம் ஆலங்குளத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஊர் விஷயம் எல்லாம் பேசிவிட்டு என் மகளிடம் வந்தாள். இட்டலி நாட்டில் எந்த ஊர், என்ன ஊர் என்று கேட்டாள். கோபுரம், வளைவுப் பாதை, தொள்ளாயிரம் வருஷத்துப் பள்ளிக்கூடம் என்று நான் விலாவாரியாகச் சொல்ல, எதிரே இருந்த நாலு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"சரி, இந்நேரம் ஒங்க மக அங்கன எங்க இருப்பா, என்ன செஞ்சுக்கிட்டு இருப்பா?" என்றாள் அந்த அம்மாள்.

"தெரியாது" என்றேன்.

"ஏட்டம்மாவுக்கா தெரியாது?"

"தெரியாதுத்தா. எங்க நடக்கா, யாருகூட நடக்கா, ஒண்ணுமே எனக்குத் தெரியாது."

சொன்னது அருவியில் கத்தின என் பழைய குரல். பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.